கேதீசுக்குப் போட்ட சோறு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில், ரெயில் பாதைக்குக் கிட்ட, ஒரு பழைய வீட்டின் பின்பக்கத்தில் ஒரு அனெக்ஸ் இருந்தது. ஒரு அறை, ஒரு குசினி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசை, இரண்டு கதிரை. அன்னபாக்கியமும் மகன் கேதீஸ்வரனும் தையல் மெசினையும் இரண்டு சூட்கேசையும் ஓட்டோவிலிருந்து இறக்கிய அன்றைக்கு வீட்டுக்காரர் முதலில் நீட்டியது கதவுப் பூட்டின் திறப்பு இல்லை, பொலிஸ் படிவம்.

சண்டை நடந்த காலத்தில் கொழும்பில் இருந்த தமிழ் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், என்ன வயது, எதற்காக வந்தார்கள் என்று எழுதி, ஸ்டேசனில் முத்திரை குத்தி, ஒரு பிரதியைக் கையோடு வைத்திருக்கவேண்டும். செக்கிங் வரும்போது தாளில் உள்ள தலைகளும் வீட்டில் உள்ள தலைகளும் சரியாக இருக்கவேண்டும். ஒரு தலை கூடினால் இவன் யார் என்று கேட்பார்கள். குறைந்தால் அவன் எங்கே என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்விதான் பொல்லாதது. வடக்கத்தைய இளந்தாரி ஒருவன் வீட்டில் இல்லையென்றால் அவன் எங்கே போயிருப்பான் என்று அவர்களே ஒரு பதிலை வைத்திருப்பார்கள்.

அன்னபாக்கியம் இரண்டு பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். புருசன் யோகநாதன் தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறின இடம்பெயர்வில் பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்தான், எழும்பவில்லை. மிச்சம் இந்த இரண்டு பேரும்தான்.

கேதீசுக்கு இருபத்துநாலு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. அவனுக்குப் பிழை பிடிக்காமல் ஒரு வாய் சோறு இறங்காது. பருப்பில் உள்ளி கூடிப்போச்சு, சொதியில் பால் முந்திவிட்டாய் என்று ஏதாவது சொல்லிச் சொல்லி, கடைசியில் தன்னுடைய தட்டைக் கோப்பையைத் துடைத்துவிட்டுத்தான் எழும்புவான். கறிவேப்பிலையை மட்டும் சாப்பிடமாட்டான். ஒவ்வொரு இலையாக எடுத்துக் கோப்பையின் விளிம்பில் வரிசையாக அடுக்கிவைப்பான். சின்ன வயதுப் பழக்கம், அடித்தும் பார்த்தாள், போகவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஏழரை மணிக்கு டிவியில் ஒரு பேய் நாடகம் போகும். பக்கத்து வீட்டு ஜவாஹிறாவும் பார்க்க வந்துவிடுவாள். அவள் வீட்டிலும் டிவி இருந்தது, ஆனால் மனுசன் நியூசைத் தவிர வேறொன்றும் போடவிடமாட்டார். நாடகத்தில் ஒரு பெரிய மாளிகை, மாமியார் கொன்றுபோட்ட மருமகள், வெள்ளைச் சீலை, விரித்த தலைமயிர். அன்னபாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். ஜவாஹிறா விரலிடுக்கால் பார்ப்பாள். கேதீஸ் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பான்.

"அம்மா, இந்தப் பேய் கதவை அடிக்குது, கண்ணாடியை உடைக்குது, பாட்டும் பாடுது. ஒரு நாளாவது சாப்பிட்டதோ?"

"செத்ததுக்கு என்னடா சாப்பாடு?"

"அப்ப செத்த வீட்டு எட்டுச்செலவுக்கு என்னத்துக்குப் பலகாரம் சுட்டுப் படைக்கிறம்? பேயெண்டால் பழிவாங்கத்தான் வரவேணும் எண்டு ஆர் சொன்னது? நானெண்டால் நேரா குசினிக்குத்தான் வருவன்."

"வாயை மூடு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா."

"எனக்கு அதில்ல அக்கா," என்பாள் ஜவாஹிறா. "செத்த பொண்ணுக்கு என்னத்துக்கு இவ்வளவு நகை? கழுத்து நெறையப் போட்டுக்கிட்டு ஈக்கிறா."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அன்னபாக்கியம் பிறகு எத்தனையோ நாள் நினைத்து நினைத்து அழுதாள்.

ஆனி மாதம் கேதீஸ் வெளிக்கிட்டான். அவனோடு கொட்டாஞ்சேனைக் கடையில் வேலை செய்த றேமண்ட் என்ற பொடியனும் சேர்ந்து போனான். ஏஜென்சி வழி. முதலில் மொஸ்கோ, அங்கிருந்து தரைவழியாக ஜெர்மனி என்று ஏஜென்ட் சொன்னான். பெயரை வெட்டவேண்டாம் என்று சொன்னதும் அவன்தான். "பாதி வழியில திருப்பி அனுப்பினாங்களெண்டால் பொடியனுக்கு வந்து நிக்க ஒரு விலாசம் வேணும். படிவத்தில பேர் இருக்கட்டும்."

அதனால் தாளில் இரண்டு பேர், வீட்டில் ஒருத்தி.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏழு மணிக்கு ஜவாஹிறாவின் வீட்டுப் போனுக்கு எடுப்பான். எங்கே படுக்கிறாய், என்ன உடுப்பு, குளிருதோ என்று தாய் கேட்பதற்கெல்லாம் பதில் இராது. சாப்பாடு மட்டும் சொல்லுவான்.

"ஷார்ஜா ஏர்போட்டில ரொட்டியும் கடலைக்கறியும் தந்தவங்கள். பரவாயில்லை, உப்புக் காணாது."

"இஞ்ச பேக்கரிப் பாண் கறுப்பம்மா. மெய்யாக் கறுப்பு. புளிக்கும். முதல் நாள் துப்பினனான், இப்ப அது இல்லாட்டி ஏலாது."

"பீற்றூட்டில சூப் வைக்கிறாங்கள். மேல புளிச்ச கிறீம் ஒரு கரண்டி. கொஞ்சம் தேசிக்காயும் பச்சைமிளகாயும் போட்டால் எங்கட சனம் வரிசையில நிண்டு குடிக்கும்."

"ஒரு கிழவியின்ர கடையில கொழுக்கட்டை சாப்பிட்டன். உள்ளுக்கு இறைச்சி. நம்புவியளே? அவிச்சு வெண்ணெயில போட்டுத் தாறா. எல்லாத்தையும் கொப்பியில எழுதுறன். கடை போடேக்கை தேவைப்படும்."

பத்துப் பதினைந்து பேர் ஒரே அறையில் கிடக்கிறார்கள் என்பதும், அந்தக் கிழவியின் கடைக்கு ஒரேயொரு தரம்தான் போனார்கள் என்பதும் பிறகுதான் அவளுக்குத் தெரியும். அப்போதே மனம் சொல்லத்தான் செய்தது. பிள்ளை சாப்பாட்டையே கதைத்துக்கொண்டிருந்தால் வேறு எதையோ மறைக்கிறான் என்று தாய்க்குத் தெரியாதா?

ஆடியில் கட்டுநாயக்கா ஏர்போட்டில் இயக்கத்தின் அடி விழுந்தது. அடுத்த நாளே வெள்ளவத்தை முழுக்கச் செக்கிங். அனெக்சுக்கு வந்தவர் நடுத்தர வயதுச் சார்ஜன்ட் ஒருவர். தமிழ் தட்டித் தடவிக் கதைப்பார். கத்துகிற ஆள் இல்லை, ஆனால் கண் மட்டும் எல்லா இடமும் போய்வந்தது.

"இரண்டு பேர் எழுதி இருக்கு. கோ புத்தா? மகன் எங்க?"

"வேலை சேர். கொட்டாஞ்சேனை. பிந்தித்தான் வருவான்."

சார்ஜன்ட் குசினியை எட்டிப் பார்த்தார். "ஒரு பிளேட்தானே கழுவி இருக்கு, அம்மே. மகன் வீட்டில சாப்பிடுறது இல்லையா?"

அன்னபாக்கியம் அந்த ஒற்றைக் கோப்பையை எடுத்து அடுக்கில் வைத்தாள்.

"அடுத்த முறை வாற நேரம் மகன் இருக்கவேணும். இல்லாட்டி அம்மா ஸ்டேசனுக்கு வந்து சொல்லவேணும், எங்க போனது எண்டு."

வெளிநாடு போய்விட்டான் என்று சொல்லலாமா? சொன்னால் எப்படிப் போனான், யார் அனுப்பியது என்று வரும். திருப்பி அனுப்பப்பட்டு வந்து இறங்கினால் ஏர்போட்டிலேயே பிடித்துவைப்பார்கள். அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். அடுத்த நாளிலிருந்து அவன் செருப்பைக் கதவடியில் வைத்தாள். துவாயை நனைத்துக் கொடியில் போட்டாள். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு எதிர்க் கதிரைக்கு முன்னால் இரண்டாவது கோப்பையில் சோறும் கறியும் போட்டு, யாரோ பாதியில் எழும்பிப் போனது போலத் தன் கையாலேயே குழைத்து வைத்தாள்.

முதல் நாள் குழைக்கும்போது பாதியில் கையை எடுத்துவிட்டாள். இல்லாத ஆளுக்குச் சோறு போடுவதை நம்முடைய சனம் ஒரேயொரு காரியத்துக்குத்தான் செய்யும். 'முருகா, இது அது இல்லை. இது பொலிசுக்கு' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை போனில் குரலைத் தாழ்த்தி இதை அவனுக்குச் சொன்னாள். கேதீஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ர பங்கை நீங்கள் சாப்பிட்டுடாதேங்கோ அம்மா. கத்தரிக்காய்ப் பால்கறியெண்டால் கட்டாயம் வைச்சிருங்கோ. நான் வந்து சாப்பிடுவன்."

"எப்ப ராசா போய்ச் சேருவாய்?"

"வாற கிழமை ஒரு ஆறு கடக்கிறம். அதுக்கங்கால பிரச்சினை இல்லையாம்."

"உனக்கு நீந்தத் தெரியாதேடா!"

"யாழ்ப்பாணத்தில எங்க ஆறு கிடந்தது பழகிறதுக்கு? காத்தடிச்ச போட் ஒண்டு இருக்கு. றேமண்டும் பக்கத்தில இருக்கிறான். நீங்கள் சும்மா பயப்பிடாமல் நாடகத்தைப் பாருங்கோ."

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை.

அந்த மாதம் மழை இல்லாமல் கரண்ட் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வெள்ளவத்தைக்கு ஏழேகாலிலிருந்து எட்டேமுக்கால் வரை இருட்டு. ஜவாஹிறாவின் போனடியில் இருந்து இருந்து பார்த்துவிட்டு, லைட் போனதும் அன்னபாக்கியம் மெழுகுதிரியோடு வீட்டுக்கு வந்தாள். நாடகமும் இல்லை. இரண்டு கோப்பையிலும் சோறு போட்டாள். கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தாள். எதிர்க் கோப்பையைக் குழைத்துவைத்துவிட்டு, தன் கோப்பைக்கு முன்னால் கையைக் கழுவாமல் இருந்தாள்.

கறியின் மணத்துக்கு மேலால் இன்னொரு மணம் வந்தது.

கடல் மணம் வெள்ளவத்தையில் புதிதில்லை. உப்பும் மீனும் ரெயில் எண்ணெயும் கலந்து அது கொடியில் காய்கிற சீலையில்கூட ஏறியிருக்கும். இது அது இல்லை. உப்பே இல்லாத தண்ணீரின் மணம். சேறு. அழுகின இலை.

எதிர்க் கதிரை ஒருதரம் முனகியது.

பழைய கதிரை. ஆள் இருந்தால் மட்டும் முனகும்.

அவள் மெழுகுதிரியைத் தூக்கிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. கதிரைக்குப் பின்னால் சுவர், சுவரில் அவளுடைய நிழல் மட்டும்.

கையை நீட்டி எதிர்க் கோப்பைச் சோற்றைத் தொட்டாள். இப்போதுதான் பானையிலிருந்து ஆவி பறக்கப் போட்ட சோறு. அது விரலில் பனிக்கட்டியாகச் சுட்டது. கையை இழுத்துக்கொண்டு சாமிப்படத்தடியில் போய் இருந்தவள், லைட் வந்தபிறகுதான் எழும்பினாள்.

விடியக் கதவைத் திறந்தால் கேதீசின் செருப்பு இரண்டிலும் தண்ணீர் தேங்கி நின்றது. ஒழுங்கையில் ஒரு துளி ஈரம் இல்லை. வழக்கம்போல அவனுடைய சோற்றை மதிலில் கொண்டுபோய் வைத்தாள். வெள்ளவத்தைக் காகம் கையிலிருந்தே பறிக்கிற சாதி. அன்றைக்கு ஏழெட்டு வந்து தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டன.

போன் வராததைக் கேட்டு ஆறுதல் சொல்ல ஜவாஹிறா வந்தாள். வந்தவள் அந்தக் கதிரையில் இருந்தாள். இருந்த வேகத்தில் எழும்பினாள்.

"அல்லாவே! என்ன அக்கா இது, ஐஸ் மாதிரி ஈக்குது? தண்ணி கொட்டினீங்களா?"

"ஓம். கழுவினனான்," என்றாள் அன்னபாக்கியம்.

அவளுக்கு விளங்காமல் இல்லை. விளங்கிக்கொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். பிள்ளைக்குப் போன் கிடைத்திராது, காட்டுப் பாதை, கையில் சில்லறை இராது. இப்படிச் சொல்லிச் சொல்லி இரண்டாவது வெள்ளிக்கிழமையும் போனது. அன்றைக்கும் கதிரை முனகியது. சோறு குளிர்ந்தது, ஆனால் ஒரு பருக்கை குறையவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, கரண்ட் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, கேற்றடியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

அதே சார்ஜன்ட்.

அன்னபாக்கியம் மேசையில் இருந்தபடியே விறைத்துப்போனாள். குளிக்கிறான் என்று சொல்வதா, கடைக்குப் போய்விட்டான் என்று சொல்வதா? வாய் திறக்குமுன் டோர்ச் வெளிச்சம் அறைக்குள் வந்தது. அவள் முகத்தில் விழுந்தது. மேசைக்கு இறங்கியது. பிறகு எதிர்க் கதிரைக்குப் போய் அங்கேயே நின்றது.

சார்ஜன்ட் தலையாட்டினார்.

"ஹரி, சரி. இரண்டு பேர்." தாளைச் சுவரில் வைத்து ஏதோ குறித்தார். போகத் திரும்பியவர் மறுபடி டோர்ச்சைத் தூக்கினார்.

"ஏன் அம்மே, மகன் இப்பிடி நனைஞ்சு இருக்கிறது? வெளிய மழை இல்லையே."

அன்னபாக்கியம் மெழுகுதிரியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தலையைத் துடைக்கச் சொல்லுங்க. சாப்பிடவும் சொல்லுங்க. சோத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறாரே."

சப்பாத்துச் சத்தம் ஒழுங்கையில் போய்த் தேய்ந்தது.

சொட்டு.

கதிரையின் கீழே, சீமெந்து நிலத்தில்.

சொட்டு.

அன்னபாக்கியம் எதிர்க் கதிரையைப் பார்த்தாள். பெற்ற அவளுடைய கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரோ ஒரு சார்ஜன்ட்டுக்குத் தெரிந்த பிள்ளை அவளுக்குத் தெரியவில்லை. பயம் வரும் என்று இருந்தாள். பயம் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு அழுகைதான் வந்தது.

"கேதீஸ்?"

 கோட்டைப் பக்கம் போகிற ரெயில் ஒன்று வீட்டை ஆட்டிக்கொண்டு போனது. அவள் எழும்பிக் கொடியிலிருந்த துவாயைக் கொண்டுவந்து அந்தக் கதிரையின் சாய்மானத்தில் போட்டாள்.

"துவட்டு ராசா," என்றாள் மெல்ல. "தடிமன் பிடிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை றேமண்ட் வந்தான். எல்லையில் பிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கன்னம் ஒட்டிப்போய், காது மடல் இரண்டும் வெயிலில் உரிந்துபோய் இருந்தது. வாசற்படியிலேயே குந்திவிட்டான், உள்ளே வரவில்லை.

"ஆன்ட்டி," என்றான். 

"எனக்குத் தெரியும்," என்றாள் அன்னபாக்கியம். "எண்டைக்கு எண்டு மட்டும் சொல்லு."

"ரெண்டு வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆன்ட்டி. விடியக்காத்தால. போட்ல அஞ்சு பேர் ஏறணும், பதினோரு பேரை ஏத்தினாங்க. நடு ஆத்துல பொரண்டுருச்சு. நான் அவன் கையைப் புடிச்சேன். சத்தியமாப் புடிச்சேன். வெரல் வெறச்சுப் போச்சு..." அவன் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தான். "போட்ல ஏறுறதுக்கு முந்தி சிரிச்சுக்கிட்டே சொன்னான். 'இன்னைக்கு வெள்ளிக்கிழமை மச்சான். அம்மா கத்தரிக்காய்ப் பால்கறி வச்சிருப்பாங்க. பிந்தாமப் போகணும்'னு."

அன்னபாக்கியம் தலையில் அடித்துக்கொண்டு கத்திய சத்தம் பஸ் ஓடுகிற காலி வீதிவரைக்கும் கேட்டதாக ஜவாஹிறா பிறகு சொன்னாள்.

"நான்தானே! நான்தானே உயிரோட இருந்த பிள்ளைக்குப் படைச்சனான்! என்ர கையால குழைச்சு வைச்சுக் கூப்பிட்டனே, ஐயோ!"

அது அப்படி இல்லை, ஏஜென்ட்டும் ஆறும்தான் காரணம் என்று ஜவாஹிறா எவ்வளவு சொன்னாலும் அவள் கேட்கவில்லை. படைத்தவள் அவள்தான். அந்தப் பழியை வேறு ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க அவள் ஆயத்தமாக இல்லை.

திங்கட்கிழமை படிவத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனாள். எதையும் மறைக்கவில்லை, மகன் வெளிநாடு போகும் வழியில் ஆற்றில் செத்துப்போனான், பெயரை வெட்டிவிடுங்கள் என்றாள். சார்ஜன்ட் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"அம்மே, சுகமில்லையா? போன வெள்ளிக்கிழமை நான் என் கண்ணால பார்த்தேன்தானே. நீலச் சட்டை. டெத் சேர்டிபிகட் இருக்கா?"

இல்லை. உடம்பு கிடைத்தால்தானே சேர்டிபிகட்.

"அப்ப வெட்ட ஏலாது. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. மகனையும் பார்த்துக்கொள்ளுங்க."

அவர் நல்லதாகத்தான் சொன்னார். வெளியே வந்து காலி வீதியில் பஸ்களுக்கு நடுவே நின்றபோதுதான் அவளுக்கு ஒரு முடிவு வந்தது. பிள்ளை செத்தது செத்ததுதான். ஆனால் நனைந்தபடி, பட்டினியாக, சோற்றைப் பார்த்துக்கொண்டு இருக்க அவனை விடக்கூடாது. அவனுக்கு இனிச் செய்ய மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

முப்பத்தோராம் நாள் குருக்களைக் கூட்டிக்கொண்டு ரெயில் பாதையைக் கடந்து கடலடியில் செய்யவேண்டியதைச் செய்தாள். சாம்பல் இல்லாததால் தருப்பையில் உரு வைத்து எரித்துக் கரைத்தார்கள். "இனித் தனிக்கோப்பை போடாதேங்கோ அம்மா, பிள்ளை போகட்டும்," என்றார் குருக்கள்.

அன்றைக்குப் பின்னேரம் கடைசியாக ஒருதரம் போட்டாள். கத்தரிக்காய்ப் பால்கறி, சோறு, பருப்பு. அவன் போனில் சொன்ன எல்லாவற்றையும் நினைவில் எடுத்து, பீற்றூட்டை அவித்து மசித்துச் சூப் வைத்தாள். தேசிக்காயும் பச்சைமிளகாயும் மறக்கவில்லை. கறுப்புப் பாண் காலி வீதி பேக்கரி ஒன்றிலும் இல்லை. சாதாரணப் பாணை வாங்கித் தாச்சியில் கருகக் கருக வாட்டி வைத்தாள். இறைச்சிக் கொழுக்கட்டையை ஜவாஹிறா தன் வீட்டில் அவித்து, வெண்ணெய் பூசி, மூடிக் கொண்டுவந்தாள்.

"சரியா வந்திச்சோ தெரியாது மகன்," என்று வெறும் கதிரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

அன்னபாக்கியம் புதுத் துவாய் ஒன்றைக் கதிரையில் விரித்தாள்.

"போக விருப்பமெண்டால் போ ராசா. நான் மறிக்கேல்லை. ஆனா ஈரத்தோட போகாத. ஒரு வாயாவது சாப்பிட்டிட்டுப் போ."

கதிரை முனகவில்லை. விடியப் பார்த்தால் துவாய் காய்ந்தபடி கிடந்தது. சோற்றை மதிலில் வைத்ததும் காகங்கள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டு தின்றன. அவன் போய்விட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவனை இழந்தது அன்றைக்குத்தான் என்பது போல மெசினில் தலையைச் சாய்த்துக்கொண்டு பத்து மணிவரை அழுதாள்.

கார்த்திகையில் வீட்டுக்காரர் புதுப் படிவம் கொண்டுவந்தார். அவள் ஒரு பெயர் எழுதினாள். ஆட்களின் தொகை என்ற இடத்தில் ஒன்று என்று போட்டாள். அந்த ஒன்றைப் போடக் கனநேரம் எடுத்தது.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை பேய் நாடகத்தின் கடைசிப் பகுதி. கரண்ட் இருந்தது. நோன்பு மாதம், ஜவாஹிறா நோன்பு திறந்து தொழுதுவிட்டுத்தான் வருவாள். அன்னபாக்கியம் தனக்கு ஒரு கோப்பையில் சோறும் பால்கறியும் போட்டு மேசையில் வைத்தாள். பசி வரவில்லை. மேசைக்கு முதுகைக் காட்டி டிவிக்கு முன்னால் வந்து இருந்தாள். மாளிகை எரிந்தது, மாமியார் செத்தாள், பழிவாங்கி முடித்த மருமகள் புகையாகி வானத்துக்குப் போனாள். எல்லாம் பொய் என்று நினைத்தாள். கேதீஸ் இருந்திருந்தால் என்னென்ன சொல்லியிருப்பான். ஒரு பெரிய கதை எழுதினார்கள், ஒருவருக்காவது அந்தப் பெட்டைக்குப் பசித்திருக்கும் என்று தோன்றவில்லையே.

கதவில் தட்டினார்கள்.

செக்கிங். புதிதாக மாறிவந்த இளம் பொலிஸ்காரர் ஒருவர். அவளை முன்பின் கண்டவர் இல்லை. வாசலில் நின்றே படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவளுடைய தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

"அம்மா, இதில ஒராள்தானே எழுதி இருக்கு."

"ஓம். நான் மட்டும்தான்."

"அப்ப அது யாரு?"

அன்னபாக்கியம் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மகன்தானே? அம்மாட முகம் அப்பிடியே இருக்கு," என்றார் அவர். "பயப்படத் தேவையில்ல. மறந்து எழுதாம விட்டா நான் திருத்தித் தாறேன்."

"தம்பி," என்றாள் அவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அவர் நனைஞ்சு இருக்கிறாரோ?"

பொலிஸ்காரருக்குக் கேள்வி விளங்கவில்லை. இன்னொருதரம் உள்ளே பார்த்தார்.

"இல்லையே. நல்லாத்தானே இருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்."

அவர் பேனையை எடுத்து ஒன்றை வெட்டி, பக்கத்தில் இரண்டு என்று எழுதி, சின்னதாகக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் கதவைச் சாத்தினாள். கனநேரம் கதவைப் பார்த்தபடியே நின்றாள். பின்னால் கதிரை ஒருதரம் முனகியது, பிறகு அமைதி. திரும்பி மேசையடிக்கு வந்தபோது கதிரையில் ஒருவரும் இல்லை. நிலம் காய்ந்திருந்தது. அவளுடைய கோப்பையில் ஒரு பருக்கை இல்லாமல் துடைத்திருந்தது.

விளிம்பில் நாலு கறிவேப்பிலை, வரிசையாக.

அன்னபாக்கியம் குசினிக்குப் போனாள். சட்டியில் பால்கறி மிச்சம் இருந்தது. இரண்டாவது கோப்பையை எடுத்துக் கழுவினாள்.